மொபெட்டில் யாரோ வைத்த மை

எங்களுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம், ஜமுனாமரத்தூரில் ஒரு புதன்கிழமை காலை, என் வீட்டுக்காரர் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இது இன்னான்னு பாரு.”

அடுப்பில் பால் இருந்தது. இறக்கி வைத்துவிட்டுப் போனேன். மொபெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். மூடியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக, நைஸாக ஒரு தூள் படிந்திருந்தது. சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார். விரல் நுனி கண்மை தொட்ட மாதிரி ஆகிவிட்டது.

“தூசிங்க,” என்றேன்.

“தூசின்னா செவப்பா இருக்கணும். இந்த ஊரு மண்ணு செவப்பு. இது கறுப்பு. எங்கேர்ந்து வந்துச்சி?”

“எனக்கு இன்னா தெரியும்?”

நான் சொன்னது பொய்யில்லை. அந்தத் தூளுக்குக் காரணம் நான்தான் என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது. ஆனால் வண்டியைப் பற்றி அவர் கேள்வி கேட்கிறார் என்றதுமே நான் அடுப்படிக்குத் திரும்பப் பார்த்தேன். முந்தின நாள்தான் அவருக்குத் தெரியாமல் அந்த மொபெட்டை வனத்துறை நாற்றுப்பண்ணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்திருந்தேன்.

அவர் அங்கே மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர். மலைக்கு வேலை போட்டதும் போளூரில் ஒருத்தரிடம் செகண்ட் ஹாண்டில் அந்த மொபெட்டை வாங்கினார். பெடலும் உண்டு, இன்ஜினும் உண்டு. இன்ஜினின் வேகத்தைப் பின்னால் கொண்டுபோக ஒரு ரப்பர் பெல்ட்டு. மாவு மில்லில் ஓடுமே, அதே மாதிரி, அளவில் சின்னது. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று பிற்பாடு தெரிந்தது.

காலையில் எழுந்ததும் பழைய பனியனைக் கிழித்த துணியால் வண்டியைத் துடைப்பார். என்னைத் துடைக்கவும் விடமாட்டார். வந்த புதிதில் ஒருநாள், “எனக்கும் கத்துக்குடுங்களேன்,” என்று கேட்டேன்.

“இது சைக்கிள் மாதிரி இல்லம்மா. இதுக்கு ஒரு நிதானம் வேணும். பொம்பளைங்களுக்கு அது வராது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பசுவுக்குச் சினை நிற்கவில்லை என்று ஒரு விவசாயியிடம் சொல்வாரே, அந்த மாதிரி அக்கறையோடுதான் சொன்னார்.

செங்கம் பக்கத்து எங்கள் ஊரில் அண்ணனுடைய சைக்கிளில் கடலைப் புண்ணாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஓட்டினவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி ஜீப் தூரத்துக் குக்கிராமங்களுக்குப் போகும். கோமாரி ஊசி, குடற்புழு மருந்து என்று ஏதாவது இருக்கும். அந்த இரண்டு நாளும் அவர் எட்டு மணிக்கு ஜீப்பில் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் இறங்குவார். மொபெட்டு வராந்தாவில் சும்மா நிற்கும். நானும் வீட்டில் சும்மா இருப்பேன்.

முதல் செவ்வாய் இன்ஜினைத் தொடவே இல்லை. குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பெடல் மட்டும் மிதித்து ஓட்டினேன். கனமான சைக்கிள், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை சோக்கை இழுத்து, ஸ்டாண்டு போட்டு மிதித்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான்தான் பயந்து போனேன். அதற்கடுத்த செவ்வாய் வண்டியும் நானும் சேர்ந்து ஒரு சாமைக் கொல்லைக்குள் இறங்கிவிட்டோம்.

விழுந்த இடத்திலிருந்து எழுந்து புடவையைத் தட்டும்போது, “எந்த பக்கம் போவணும்னு வண்டிகிட்ட கேட்டுட்டு ஏறலாம் இல்ல?” என்று ஒரு குரல்.

பக்கத்து வீட்டு அக்கா. நாற்றுப்பண்ணைக் காவலாளியின் மனைவி. மலைக்காரங்க, பிறந்த ஊர் புதூர்நாடு. நாற்பது வயது இருக்கும், நல்ல வாட்டசாட்டமான உடம்பு. இடுப்பில் கூடையோடு நின்றிருந்தாள்.

“அக்கா, சார் கிட்ட சொல்லிடாதீங்க,” என்றேன்.

“இன்னாத்துக்குச் சொல்றேன்? எனக்கும் ஒரு ரவுண்டு வுடு. அப்புறம் என் வாயில இன்னாத்துக்குப் பேச்சு?”

அன்றிலிருந்து அக்கா என் பின்னால். இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, என் இடுப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து உட்காருவாள். குவார்ட்டர்ஸில் நாலு வீடு. ஒன்று காலி. இன்னொன்றில் இருந்த குமாஸ்தா காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார். பாதையோரத்துக் கொல்லைகளில் களை பறித்த பெண்கள் எல்லாரும் அக்காவுக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. எங்களைப் பார்த்தால் நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள். ஒருத்தி, “அத்தே, அடுத்த வாரம் நானு,” என்று கத்துவாள். அதோடு சரி. யாரும் மூச்சு விடவில்லை.

நான் எப்படி ஓட்டினேன் என்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஆக்ஸிலேட்டர் மேல் ஆசை, வேகத்தின் மேல் பயம். அதனால் வலது கையால் முறுக்கிக்கொண்டே, இரண்டு பிரேக்கையும் பாதி பிடித்துக்கொண்டே போவேன். வண்டி முனகும். அக்காவின் கனமும் சேர்ந்து மேட்டில் ஏறும்போது ரப்பர் தீய்கிற வாசனை ஒன்று வரும். “யாரோ கொல்லையில டயரு கொளுத்தறாங்க,” என்பாள் அக்கா. ஆமாம் என்று நானும் நம்பினேன்.

புதன்கிழமை தூள் தெரிந்தது. சனிக்கிழமை காலையில் மறுபடி மூடியைக் கழற்றினார். மறுபடி தூள்.

வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு ஒன்று புரியவில்லை என்றால் சோறு இறங்காது. எங்கேயாவது மாடு செத்தால் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பழகியவர். காலியான ஊசி மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அந்தத் தூளைக் காகிதத்தில் வழித்து உள்ளே போட்டு, ரப்பர் மூடி போட்டு, மேலே சின்னச் சீட்டு ஒட்டிக் கிழமை எழுதினார். ஜன்னல் கட்டையில் வைத்தார்.

“இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?”

“சேரட்டும். பாக்கலாம்.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. வெளியில் படிந்ததை நான் துடைத்துவிடுவேன். மூடிக்குள் இருப்பதை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அது அவருடைய தோல் பையோடு ஜீப்பில் போய்விடும்.

மூன்று குப்பி சேர்ந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் இல்லாத நேரம் யாரோ வண்டியை எடுக்கிறார்கள் என்று. வெள்ளிக்கிழமை காலை ஜீப் வருவதற்கு முன் சாக்பீஸ் எடுத்து முன் டயரில் ஒரு கோடு, நேர்கீழே சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டார். பின் டயருக்கும் அப்படியே. டேங்கு மூடியைத் திறந்து விளக்குமாற்றுக் குச்சியை விட்டு, பெட்ரோல் நனைத்த இடத்தில் பிளேடால் கீறி வைத்தார்.

“நீ வூட்லயேதான இருப்ப? வராந்தா பக்கம் ஒரு கண்ணு வெச்சிக்கோ,” என்றார்.

“சரிங்க.”

ஜீப் சத்தம் அடங்குவதற்குள் அக்கா வந்துவிட்டாள். கோடுகளைக் குனிந்து பார்த்தாள். “உங்க வூட்டுக்காரு நல்லா கோலம் போடறாரே,” என்றாள்.

திரும்பி வந்ததும் பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வண்டியை நிறுத்திப் புதிதாகக் கோடு போட்டேன். சாக்பீஸ் வீட்டிலேயேதான் இருந்தது. பெட்ரோலுக்கும் வழி இருந்தது. எண்ணெய் கலந்து ஒரு டின்னில் அடைத்து அவர் சமையலறை மூலையில் வைத்திருந்தார். அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். குச்சி அவர் பையோடு போய்விட்டது, அந்தக் கீறல் எங்கே இருந்தது என்று சரியாக ஞாபகமில்லை. குறைந்தால்தானே தப்பு என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

மறுநாள் காலை வராந்தாவை நானே எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“கோடு அப்பிடியே கீது. வண்டி நவுரவே இல்ல,” என்றார். “தூள் வந்திருக்கு.”

“அப்படிங்களா?”

“அது கூட பரவால்ல. பெட்ரோலு ஏறியிருக்கு.”

“ஏறியிருக்கா?”

“ஒரு வெரக்கட. ஒரு வெரக்கட ஏறியிருக்கு.” குச்சியை என்னிடம் நீட்டினார். “ஓடாத வண்டில பெல்ட்டு தேயுது. பெட்ரோலு ஊறுது. நீயே சொல்லு, இது இன்னா கணக்கு?”

நான் குச்சியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போளூர் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் ஒல்லியாக, காதில் பீடி சொருகிக்கொண்டு இருந்தார். மூடியைக் கழற்றினார். பெல்ட்டை விரலால் அழுத்தினார். தூளை முகர்ந்து பார்த்தார்.

“பெல்ட்டு வழுக்கியிருக்கு சார். வழுக்கினா தேயும். தேஞ்சா தூளு. வேற ஒண்ணுமில்ல.”

“அதத்தான் நானும் மொதல்லயே நெனச்சேன். இன்னாத்துக்கு வழுக்குது?”

“பிரேக்க புடிச்சிக்கினே முறுக்கினா வழுக்கும். நெறைய வெய்ட்டு ஏத்திக்கினு மேட்ல முறுக்கினாலும் வழுக்கும்.”

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. டயர் கொளுத்துகிற வாசனையும் சேர்ந்து விளங்கிற்று. நான் எதிரே இருந்த டீக்கடையின் பெயர்ப் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன்.

“நான் அப்பிடி ஓட்டறதே இல்ல,” என்றார் இவர்.

“எல்லாரும் அப்பிடித்தான் சார் சொல்வாங்க.”

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. புது பெல்ட்டு மாட்டச் சொல்லிவிட்டு, வேலை முடிகிறவரை மெக்கானிக்கோடு பேசவில்லை. வழியெல்லாம், “நான் பிரேக்க புடிச்சிக்கினு ஓட்டறேனா? நீயே சொல்லு, புடிக்கறேனா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லவே இல்லீங்க என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

பிரேக்கை விட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அந்தச் செவ்வாய் உண்மையாகவே முயன்றேன். இறக்கத்தில் வண்டி துள்ளியதும் என்னையறியாமல் இரண்டு கையும் பிரேக்கைக் கவ்விக்கொண்டன. அக்கா வேறு பின்னாலிருந்து, “புடிம்மா, புடிம்மா,” என்று கத்தினாள். புது பெல்ட்டு பழைய பெல்ட்டை விட அதிகமாகத் தூள் விட்டது.

புதன்கிழமை அவர் வராந்தாவில் இடிந்து உட்கார்ந்திருந்தபோது அக்கா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். மூடியைப் பார்த்தாள்.

“இன்னா சார் இது, மையி மாதிரி கீது?”

“தெரியலம்மா. அதான் பாத்துக்கினு இருக்கேன்.”

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். விரலால் தொட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எந்தெந்த நாள்ல சார் வருது?”

அவர் ஜன்னல் கட்டையைப் பார்த்தார். குப்பிகள் வரிசையாக இருந்தன. சனி, புதன், சனி, புதன். ஒன்றுகூட மாறவில்லை. அதற்கு முன் அதை அவர் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“செவ்வா, வெள்ளி,” என்றார் மெதுவாக.

“அதான பாத்தேன்,” என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் அக்கா. “நான் ஒண்ணும் சொல்லல சார். படிச்சவங்க நீங்க. எங்க பக்கத்துல இத மையின்னுவாங்க. யாரோ வண்டி மேல கண்ணு வெச்சி மை வெச்சிருக்காங்க.”

“அதெல்லாம் சும்மாம்மா.”

“சும்மாதான் சார். ஒரு எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தினா போயிடும். நம்பிக்கை இல்லாங்காட்டி வுட்ருங்க.”

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் அக்காவைப் பிடித்து உலுக்கினேன். “இன்னாத்துக்குக்கா இப்பிடி ஒரு பொய்?”

“உன்னக் காப்பாத்தத்தான்,” என்றாள். “அந்த மனுசன் இன்னும் ரெண்டு நாள் யோசிச்சார்னா நேரா உன்கிட்ட வந்து நிப்பாரு. இப்ப பாரு, எலுமிச்சம்பழத்துகிட்ட போய் நிப்பாரு.”

“எங்க வூட்டுக்காரரு இதெல்லாம் நம்பமாட்டாரு.”

“வண்டி ஓடாமலே பெட்ரோலு ஏறுதுன்னு நம்பினவருதான?”

அக்காவுக்கு மையிலும் நம்பிக்கை இல்லை, மந்திரத்திலும் நம்பிக்கை இல்லை. அவள் ஊரில் அந்த மாதிரி சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தனைக் கோழி திருடினதற்காக விரட்டிவிட்ட கதையை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் அவர் பிடிவாதமாக இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் சந்தையிலிருந்து வந்த பையில் நான் எழுதிக் கொடுக்காத சாமான் ஒன்று இருந்தது. நாலு எலுமிச்சம்பழம்.

“ஊறுகா போடலாம்னு வாங்கினேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் வருவதற்கு அரை மணி முன்னால், குளித்து, நெற்றியில் விபூதியோடு வராந்தாவுக்கு வந்தார். இரண்டு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு பழம் வைத்தார். சுற்றிலும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து குமாஸ்தா பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். நாற்றுப்பண்ணைக்குப் போன இரண்டு பெண்கள் நின்றார்கள். அக்கா ஒரு தட்டில் கற்பூரத்தோடு வந்து, கோயில் பூசாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிக் காட்டினாள்.

“ஏத்துங்க சார். திரும்பிப் பாக்காம ஏத்துங்க.”

பழம் நசுங்கிற்று. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சமையலறைக்கு ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வெளியில் யாரோ, “அம்மா அழுவறாங்க, பாவம்,” என்று சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது.

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்ததும் அன்றைக்குத்தான். வேண்டாம், கொஞ்ச நாள் வண்டியைத் தொடவேண்டாம் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். அது நல்லெண்ணத்தில் செய்த காரியம். ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விடக் கெட்டதாகப் போய் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை தூள் இல்லை. புதன்கிழமை இல்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. அவர் ஒரு பெரிய நோயைக் குணப்படுத்தின மாதிரி நிமிர்ந்து நடந்தார். ஜீப் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். ஜீப்பில் அடிக்கடி கோளாறு வருமாம். டிரைவரும் அடுத்த செவ்வாய் நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றான். “சார் சொன்னாரும்மா,” என்றான் பெருமையாக.

மூன்றாவது வாரம் எங்களால் தாங்க முடியவில்லை. காலை வெயில் நன்றாக இருந்தது. அக்கா சொன்னாள், “பழத்தோட பவரு இத்தினி நாளு போதும். வா.” போனோம். மறுநாள் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் அந்தத் தூளைக் குப்பியில்கூடப் போடவில்லை. சாப்பிடும்போது, “வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன். புதூர்நாட்டு புளி யாவாரி ஒருத்தர் கேட்டுக்கினே இருக்கார்,” என்றார்.

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நல்ல வண்டிங்க அது.”

“நல்ல வண்டிதான். நம்ம கைக்கு ராசி இல்ல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எலுமிச்சம்பழம் கண் முன்னால் வந்தது. குமாஸ்தா பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நின்றது வந்தது. நாற்றுப்பண்ணைக்கு ஓட்டினேன் என்பதை அவர் மன்னித்துவிடுவார். எல்லார் முன்னாலும் பழம் வைக்க விட்டதை மன்னிப்பாரா? வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புளி வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, “ஸ்டார்ட் பண்ணுங்க சார், சத்தம் கேப்போம்,” என்றார். இவர் சோக்கை இழுத்தார். பெடலை மிதித்தார். பிடிக்கவில்லை. பதற்றத்தில் சோக்கை மூடாமலே முறுக்கி முறுக்கி மிதித்தார். பத்துத் தடவை. இருபது தடவை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் வாசனை வராந்தா வரைக்கும் வந்தது. வியாபாரி வாங்கி மிதித்துப் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை.

“இன்னா சார், நோய் புடிச்ச வண்டியா?” என்று சிரித்தார்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. யோசிக்கவே இல்லை, வாய் தானாகப் பேசிவிட்டது.

“பெட்ரோலு ஓவராயிடுச்சி. சோக்க மூடிட்டு, ஆக்ஸிலேட்டர முழுசா தெறந்து வெச்சிக்கினு மிதிங்க. நாலு மிதில புடிச்சிக்கும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வியாபாரி நான் சொன்னதைக் காதில் வாங்காமல் மறுபடி சோக்கை இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “இப்பிடி குடுங்கண்ணே,” என்று போய் ஹாண்டில்பாரை வாங்கினேன். மிதித்தேன். மூன்றாவது மிதிக்கே பிடித்துக்கொண்டது. புகை வெளுத்து வந்தது. சத்தம் சரியான இடத்துக்கு வருகிறவரை முறுக்கி விட்டேன். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி ஏறி, ரோடு முனை வரை போய், புளியமரத்தடியில் திருப்பிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அதுவரைக்கும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. இறங்கினதும் உறைத்தது.

பக்கத்து வீட்டு வாசலில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் பிழிந்த துணியோடு அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அம்மா சூப்பரா ஓட்றாங்களே சார்,” என்றார் வியாபாரி. “வூட்லயே ஓட்றதுக்கு ரெண்டு ஆளு இருக்கீங்க. இன்னாத்துக்கு விக்கறீங்க?” வியாபாரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். “பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க,” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவர் வராந்தாப் படியில் உட்கார்ந்தார்.

“எத்தினி நாளா?”

“மூணு மாசமா.”

“செவ்வாயும் வெள்ளியுமா?”

“ஆமாங்க.”

“சாக்பீஸ் கோடு?”

“நான்தான் அழிச்சிட்டு போட்டேன்.”

“பெட்ரோலு?”

“டின்லேர்ந்து ஊத்தினேன். கொஞ்சம் அதிகமாயிடுச்சி.”

“எலுமிச்சம்பழம் ஏத்தும்போது உள்ள ஓடினியே. அழுதியா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “இல்லீங்க.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டைத் தள்ளுவார், தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். நானும் பேசவில்லை. அக்கா வாசற்பக்கமே வராமல் பின்கட்டு வழியாகத் தண்ணீருக்குப் போனாள். வண்டி ஓட்டியதற்கு அவர் கோபப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் மாட்டுக்கு மந்திரிக்காதீங்க, ஊசி போடுங்க என்று தொண்டை வற்றச் சொல்கிறவர். ஜீப்புக்கே பழம் வைக்கச் சொல்லிவிட்டு நிற்கிறார். அது என்னால் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜீப் வந்து ஹாரன் அடித்தது. இவர் வெளியே போய், இன்றைக்கு லீவு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். உள்ளே வந்து மொபெட்டின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“ஓட்டு. நான் பின்னால ஒக்கார்றேன்.”

“இப்பவா?”

“எப்பவும் எப்பிடி ஓட்டுவியோ அப்பிடியே ஓட்டு.”

ஓட்டினேன். நாற்றுப்பண்ணைப் பாதையில் திரும்பினதும் கொல்லையில் இருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பின்னால் இருப்பது அக்கா இல்லை, சார் என்று தெரிந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டார்கள். அவர் அதைக் கவனித்தார். “இவங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்றார் காதருகில். “தெரியுங்க,” என்றேன். அவர் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடுவாரோ என்று பயப்படும் அளவுக்குச் சாய்ந்து, ஓடுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இறக்கம் வந்தது. என் கைகள் வழக்கம்போல் பிரேக்கைக் கவ்வின. மேடு வந்தது. முறுக்கினேன், பிரேக்கை விடவில்லை.

“நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார்.

நிறுத்தினேன். குதித்து இறங்கிக் குனிந்தார். பெல்ட்டின் ஓரத்தைத் தொட்டு, சுட்டுக்கொண்டு விரலை உதறினார். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

“பாத்தியா? வழுக்குது! நான் மொதல்லயே சொன்னேன் இல்ல, பெல்ட்டு வழுக்குதுன்னு? மெக்கானிக்கு சொல்றதுக்கு முன்னாலயே சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க.”

“மையும் இல்ல, மண்ணும் இல்ல. நீ பிரேக்க வுடல. அவ்ளோதான்!”

நடு ரோட்டில் நின்றபடி பிரேக்கை எப்போது விடவேண்டும், ஆக்ஸிலேட்டரை எப்போது குறைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நான் அவ்வளவு நாள் கேட்டுக் கிடைக்காத பாடம் அது. கடைசியில், “நிதானம் வேணும்னு சொன்னேன் இல்ல?” என்றார். ஆமாங்க என்றேன். அதை மறுத்தால் பாடம் நின்றுவிடும்.

வண்டியை விற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அது எனக்கு என்று ஆகிவிட்டது. ஜீப் டிரைவரிடம் மட்டும் அவர் உண்மையைச் சொல்லவேயில்லை. அந்த ஜீப் மாற்றலாகிப் போகிறவரை வாராவாரம் பழம் நசுங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்கா நாலு நாள் கழித்து ஒரு படி சாமையோடு வந்து வாசலில் நின்றாள். இவர் அவளைப் பார்த்து, “இன்னாம்மா, வேற ஏதாவது மை கிய் இருக்கா?” என்று கேட்டார். “ஸ்டாக்கு தீந்துபோச்சி சார்,” என்றாள் அக்கா.

ஆடி மாதம் நானும் அக்காவும் முதல் தடவையாகப் பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, சந்தைக்கே வண்டியில் போனோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள், யாரையும் லட்சியம் செய்யவில்லை. திரும்பும்போது ஒரு பெரிய பலாப்பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேட்டில் வண்டி திணறிற்று. நான் பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் ஏறவில்லை. அக்கா இறங்கினாள். பழத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, “நீ மெதுவா வா தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறிப் போனாள். மழை தூற ஆரம்பித்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தபோது அவள் பழத்தைப் பிளந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பாதிச் சுளைகளைச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.